அமானிதம் யார் கையில்?

மனிதன் எப்போது பெரியவன் ஆகிறான்? வயதாலா, அறிவாலா, தன் உழைப்பால் தன் வயிற்றை நிரப்பிக் கொள்ளும் வலிமையாலா? இக்கேள்வியை நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டுக் கொள்வதில்லை. பிள்ளை வளர்கிறான், மீசை அரும்புகிறது, படிப்பு முடிகிறது, வேலைக்குப் போகிறான், நிக்காஹ் முடித்து வைக்கிறோம். ஒவ்வொரு படியும் அடுத்த படியைத் தானாகவே கொண்டு வருவதால், எந்தப் படியில் அவன் சிறுவன் என்னும் நிலை நீங்கிப் பெரியவன் ஆனான் என்று நாம் நின்று பார்ப்பதில்லை.

அறிவு வளர்ச்சிக் குறையுடனோ, ஆட்டிசத்துடனோ, பெருமூளை வாதத்துடனோ ஒரு பிள்ளை வளர்ந்து வரும் வீட்டில் இந்தக் கேள்வி வாசலிலேயே வந்து உட்கார்ந்து கொள்கிறது. அந்தக் குடும்பம் பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டில் குடியேறிய குடும்பமாகவும் இருந்துவிட்டால், கேள்வி வாசலோடு நிற்பதில்லை. அந்நிய மொழியில் அச்சிட்ட படிவமாக வீட்டுக்குள்ளேயே நுழைந்து விடுகிறது. மகனுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது, இனி அவன் சார்பில் பெற்றோர் கையொப்பமிட இயலாது என்னும் செய்தியை அது தாங்கி வருகிறது. சோறூட்டி, உடை மாட்டி, இரவில் மும்முறை எழுந்து பார்த்து வரும் தாய்க்கு அது சட்டத்தின் அறிவிப்பாகத் தோன்றுவதில்லை. தன் பிள்ளையைத் தன்னிடமிருந்து பறிக்கும் ஆணையாகவே தோன்றுகிறது.

அக்கரை சென்றோர் இல்லாத ஊர் நம்மிடையே அரிது. ஆதலின் இது எங்கோ யாருக்கோ நேர்வது என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. குடியேறியோர் பெருகிய நாடாகிய அமெரிக்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்தப் பெற்றோர் நிற்கும் இடத்தையும், அவர்கள் முன் நிற்கும் அறக்கேள்வியையும் ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

பாதை முடியும் இடம்

குறைபாடுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளிகள் இலவசமாகவும் தகுந்த முறையிலும் கல்வி அளித்தாக வேண்டும் என்று அமெரிக்கா 1975ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அதற்கு முன்னர் அத்தகைய பிள்ளைகளுள் பெருந்தொகையினர் பள்ளிவாசலை மிதித்ததே இல்லை. அச்சட்டம் பெற்றோரை வெளியே நிறுத்தவில்லை. ஆண்டுதோறும் பிள்ளைக்கென ஒரு திட்டம் எழுதப்பெற வேண்டும். அதை எழுதும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாவிடின், பேசப்படுவதை அவர்கள் விளங்கிக் கொள்ளும் பொருட்டு மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது பள்ளியின் கடமை. குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் பொதுப் பள்ளியின் கதவை அடைக்கக் கூடாது என்று 1982இல் டெக்சாஸ் வழக்கொன்றில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, பள்ளிப் பருவம் முழுவதும் பிள்ளையின் காலடியில் ஒரு பாதை இருக்கிறது. பதினாறு வயதுக்குள், பள்ளிக்குப் பின் அவன் எங்கு வாழ்வான், என்ன வேலை செய்வான், என்ன கற்பான் என்பதையும் திட்டத்தில் எழுதத் தொடங்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பாதை முடியும் நாள் ஒன்று உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் 21 அல்லது 22 வயதோடு பள்ளி அவனை அனுப்பி விடுகிறது. மிச்சிகன் மாநிலத்தில் மட்டும் 26 வயது வரை அது நீள்கிறது.

அந்த நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. பள்ளியில் அவன் பெற்றது உரிமை. பணம் இல்லை, இடம் இல்லை என்று கூறிப் பள்ளி அவனைத் திருப்பி அனுப்ப இயலாது. பள்ளிக்கு வெளியே அவன் தேடிச் செல்வது தகுதி பார்த்துத் தரப்படும் உதவி. தகுதி இருந்தாலும் இடம் இருக்க வேண்டும். மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க உதவும் மெடிக்கெய்டுத் திட்டங்கள் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தவை. நல்ல திட்டங்கள்தாம். ஆனால் எத்தனை பேருக்கு என்பதை ஒவ்வொரு மாநிலமும் வரையறுத்துக் கொள்ளலாம். பல மாநிலங்களில் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. வேலையை முன்னிட்டுக் குடும்பம் வேறு மாநிலம் சென்றால், பழைய பட்டியலில் காத்திருந்த காலம் கணக்கில் வராது. புதிய இடத்தில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். பிழைப்பைத் தேடி இடம் மாறுவதே வாழ்வாகிவிட்ட குடும்பத்துக்கு இது எத்தகைய இழப்பு!

குடியேறியவரின் இரட்டைச் சுமை

உள்நாட்டுப் பெற்றோருக்கே இந்த வழி கடினமானது. குடியேறிய பெற்றோருக்கோ அதன்மேல் இன்னொரு சுமை ஏறுகிறது.

வருவாயற்ற குறைபாடுடையோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்று 1974 முதல் அங்கு நடைபெறுகிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் பெற்றோரின் வருவாயைக் கணக்கில் சேர்ப்பதை அது நிறுத்தி விடுகிறது. ஆதலின், பெற்றோர் ஈட்டுகிறார்கள் என்பதற்காகச் சிறுவயதில் மறுக்கப்பட்ட பிள்ளைக்கும் பதினெட்டில் கதவு திறக்கக் கூடும். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதாருக்கு அக்கதவைப் பெரிதும் ஒடுக்கிவிட்டது. அதன் பின்னர் நிரந்தரக் குடியேற்ற உரிமையுடன் வந்தோர் பொதுவாக ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். அத்தோடு ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு கணக்கில் இருக்க வேண்டும். பிறவியிலிருந்தே உழைக்க இயலாத இளைஞன் அந்தக் கணக்கை எங்கிருந்து கொண்டு வருவான்? அவன் சிறுவனாக இருந்த காலத்தில் பெற்றோர் உழைத்த உழைப்பையே அவன் சுட்டிக்காட்ட வேண்டும்.

இதில் காலம் அறிந்து செயற்படுவதன் அருமையைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, நிரந்தரக் குடியேற்ற உரிமையுடன் பெற்றோரின் பொறுப்பில் அங்கு வாழும் பிள்ளை பதினெட்டு வயதை எட்டுவதற்குள் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றுவிட்டால், பிள்ளையும் தானாகவே குடிமகன் ஆகிவிடுகிறான். அந்த வயதைக் கடந்துவிட்டாலோ அவன் தனியே விண்ணப்பம் செய்ய வேண்டும். உறுதிமொழியின் பொருளை விளங்கிக் கொள்ள இயலாதோருக்கு விலக்களிக்கும் ஏற்பாடும் அதே ஆண்டில் வந்தது; எனினும் அது மருத்துவச் சான்றுகளும் நேர்காணலும் நிறைந்த நீண்ட வழி. ஓராண்டுக் காலத் தயக்கம் ஒரு பிள்ளையின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் மாற்றிவிடக் கூடும்.

தற்காலிக வேலை விசாவில் சென்றோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழகத்திலிருந்து எச்-1பி விசாவில் சென்ற பொறியாளர்கள் இதை நன்கறிவர். அவர்களுடைய பிள்ளைகள் 21 வயது வரையில்தான் பெற்றோரைச் சார்ந்தோர் என்று கருதப்படுவர். இந்தியர்களுக்கு நிரந்தர உரிமை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும் நிலையில், அதற்குள் பிள்ளை 21ஐக் கடந்துவிட்டால், அவன் தனக்கெனத் தனி விசா தேட வேண்டும்; இல்லையேல் நாட்டை விட்டுச் செல்ல வேண்டும். நல்ல உடலும் கூர்த்த மதியும் உடைய பிள்ளை மாணவர் விசாவைப் பெற்றுத் தப்பித்துக் கொள்ளலாம். தன் பெயரை எழுதத் தெரியாத பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்பான்? வாழ்நாள் முழுவதும் பெற்றோரைச் சார்ந்தே வாழ வேண்டியவனை, 21ஆம் பிறந்தநாளில் "நீ சார்ந்தவன் அல்லன்" என்று சட்டம் சொல்லிவிடுகிறது. குறைபாட்டைக் கருதி இவ்விசாவில் விலக்கு ஏதும் இல்லை.

இத்தனைக்கும் மேலாக, நம் நாட்டில் கேளாமலே கிடைக்கும் துணை அங்கு இல்லை. பாட்டி இல்லை, சாச்சி இல்லை, மாமி இல்லை. அவசரத்துக்கு ஒரு நாழிகை பிள்ளையைப் பார்த்துக் கொள்ளும் அடுத்த வீட்டு உம்மாவும் இல்லை.

ஒரு நகரத்தின் செய்தி

1991இல் அரசு வீழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபின், சோமாலியாவை விட்டு வெளியேறிய முஸ்லிம் குடும்பங்கள் பல அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரில் குடியேறின. சில ஆண்டுகள் சென்றபின் அத்தாய்மார்கள் தங்களுக்குள் ஒன்றைக் கவனித்தார்கள்: ஒரே குடியிருப்பில் பேசாத பிள்ளைகள் பலர் இருந்தனர். அந்த நோய்க்குத் தங்கள் தாய்மொழியில் பெயரே இல்லை என்றும் அவர்கள் கூறினர். அவர்கள் விடாது கேட்டதன் பயனாக ஆய்வு நடந்தது. 2013இல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் அதன் முடிவை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் 7 முதல் 9 வயது வரையிலான சோமாலியப் பிள்ளைகளுள் 32 பேருக்கு ஒருவர், வெள்ளையர் பிள்ளைகளுள் 36 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையோராக மதிப்பிடப்பட்டனர். இவ்விரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. ஆனால் ஆட்டிசம் உடைய சோமாலியப் பிள்ளைகளிடம், பிற இனத்துப் பிள்ளைகளைவிட, அறிவு வளர்ச்சிக் குறையும் சேர்ந்து காணப்படுவது மிகுதியாக இருந்தது.

அந்தப் பிள்ளைகள் இன்று இருபதுகளில் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி முதலில் பேசத் துணிந்த தாய்மார்களின் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. "என் பிள்ளை ஏன் பேசவில்லை?" என்று அன்று கேட்ட கேள்வி, "எனக்குப் பின் இவன் யாருடன் வாழ்வான்?" என்று மாறிவிட்டது. முதற் கேள்விக்கு மருத்துவர் விடை தேடலாம். இரண்டாவது கேள்விக்கு விடை தேட வேண்டியவர் மருத்துவர் அல்லர்.

இரு தரப்பு வழக்கு

இனி அறக்கேள்விக்கு வருவோம். பள்ளியின் இறுதி ஆண்டுகளில் ஒரு மேசையின் இருபுறமும் இரு தரப்பினர் அமர்கிறார்கள். ஒருபுறம் அதிகாரி, மறுபுறம் தாய். அதிகாரி கேட்கிறார்: "உங்கள் மகன் எங்கு வாழ விரும்புகிறார்?" தாய் திகைக்கிறாள். இது என்ன கேள்வி? "எங்களோடுதான்" என்கிறாள். பிள்ளையைத் தனித்து வாழ விடாமல் தன் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்று அதிகாரி நினைக்கிறார். பெற்ற பிள்ளையை விடுதியில் தள்ளிவிடச் சொல்கிறார்கள் என்று தாய் நினைக்கிறாள். இருவரும் நல்லவர்களே, இருவரும் அப்பிள்ளையின் நலத்தையே நாடுகிறார்கள். ஆயினும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் சொற்களைப் பெயர்த்து விடுவார். சொற்களுக்கு அடியில் கிடக்கும் வாழ்க்கை முறையை அவர் எப்படிப் பெயர்ப்பார்?

எவர் பக்கம் நியாயம்? முதலில் அதிகாரியின் தரப்பைப் பார்ப்போம். பிறரைச் சாராமல் வாழ்வதே உயர்வு என்பது அவருடைய நாட்டின் அடிப்படை எண்ணம். ஆனால் எவர்தாம் பிறரைச் சாராமல் வாழ்கிறார்? உழுபவனைச் சாராமல் நாம் ஒரு பிடி சோறு உண்பதில்லை. தோண்டுபவனைச் சாராமல் கபுறுக்குள் அடங்குவதுமில்லை. சார்பு இழிவென்றால் மனிதனாய்ப் பிறப்பதே இழிவாகும். ஆகவே, "எங்களோடு வாழ்வான்" என்று தாய் சொல்லும்போது அதில் குறையொன்றுமில்லை. அது வாழ்வின் இயல்பை ஒளிக்காமல் சொல்லும் சொல்.

இப்போது தாயின் தரப்பைப் பார்ப்போம். அவள் அன்பில் ஐயமில்லை. ஆனால், "எங்களோடுதான்" என்று சொன்னபோது அவள் மகனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாளா? அவனுக்குப் பேச்சு வராதிருக்கலாம். வேண்டியதைக் கண்டால் கை நீட்டுகிறான். வேண்டாததைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறான். அதுவும் ஒரு மொழியன்றோ! காலையில் என்ன உண்பது, எந்தச் சட்டையை அணிவது, யாருடன் வெளியே போவது என்னும் சிறிய செய்திகளில்கூட இருபது ஆண்டுகளாக ஒருவனைக் கேளாமலே நடத்தி வந்திருப்போமாயின், நாம் அவனைப் பேணினோம் என்பது உண்மை. அவனை மதித்தோம் என்று சொல்ல முடியுமா?

வர்ஜீனியா மாநிலத்தில் 2013ஆம் ஆண்டில் ஒரு வழக்கு நடந்தது. ஜென்னி ஹாட்ச் என்னும் 29 வயதுப் பெண் டவுன் சிண்ட்ரோம் உடையவர். அவருக்குக் காப்பாளர் அமர்த்தப்பட்டு, அவர் விருப்பத்துக்கு மாறாக விடுதியில் வைக்கப்பட்டார். தாம் வேலை செய்த கடையின் உரிமையாளர்களான நண்பர்களோடு வாழ வேண்டும் என்று அவர் நீதிமன்றத்தில் வேண்டினார். நீதிபதி அவருடைய விருப்பத்துக்குச் செவி சாய்த்தார். ஓராண்டு மட்டும் அந்நண்பர்களைக் காப்பாளராக்கி, அதன்பின் துணைவர்களின் ஆலோசனையோடு தம் முடிவுகளைத் தாமே எடுக்கும் நிலைக்கு அவர் வரவேண்டும் என்று ஆணையிட்டார். துணையோடு முடிவெடுக்கும் இம்முறைக்கு 2015இல் டெக்சாஸ் மாநிலம் முதன்முதலாகச் சட்ட வடிவம் தந்தது. பின்னர் வேறு பல மாநிலங்களும் தந்தன.

இவ்வழக்கில் நமக்குப் பாடம் என்ன? ஜென்னி தனிமையைக் கேட்கவில்லை. யாருடன் வாழ்வது என்பதில் தமக்கு ஒரு சொல் வேண்டும் என்றுதான் கேட்டார். அதிகாரியும் தாயும் ஒரே தவற்றை இரு வகையில் செய்கிறார்கள் என்பது இங்கு புலனாகிறது. தனித்திருப்பதே சுதந்திரம் என்று அவர் கருதுகிறார். அதனால் சுதந்திரமே வேண்டாம் என்று அவள் அஞ்சுகிறாள். சூழ உறவினர் இருக்கும்போதே ஒருவனுடைய சொல்லுக்கு மதிப்பிருக்கலாம். தனி அறையில் குடியிருப்பவனுடைய சொல் கேட்கப்படாமலே போகலாம். எங்கு வாழ்கிறான் என்பதைவிட, அவன் குரல் எண்ணப்படுகிறதா என்பதே பெரியவனுக்கும் சிறுவனுக்கும் உள்ள வேறுபாடு.

நம் முன்னோர் வகுத்த வேறுபாடு

மினியாபொலிசிலும் டியர்பார்னிலும் வாழும் முஸ்லிம் பெற்றோருக்கு இவ்விடத்தில் தம் மார்க்க மரபே கை கொடுக்கிறது. ஒருவன் பருவமடைவதை 'புலூஹ்' என்றும், தன் பொருளைப் பேணும் தெளிவு அடைவதை 'ருஷ்து' என்றும் ஃபிக்ஹு அறிஞர்கள் இரண்டாகப் பிரித்தனர். வயது வந்ததனாலேயே தெளிவு வந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தெளிவு இல்லாதவனின் பொருளைக் காக்க வலீ ஒருவரை அமர்த்தினார்கள். ஆனால் அவனுடைய வாரிசுரிமையை அவர்கள் பறிக்கவில்லை. குறைபாட்டைக் காட்டி அவன் பங்கில் ஒரு காசையும் குறைக்கவில்லை. பொருள் அவனுடையது, காவல் பிறருடையது. அவனுக்கு உணவும் உடையும் அளிப்பதோடு, அவனிடம் கண்ணியமாகப் பேசுவதையும் திருமறையின் நிஸா அத்தியாயம் கடமையாக்கியிருக்கிறது. வயிறு நிறைந்தால் போதும் என்று அது விட்டுவிடவில்லை.

கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பள்ளியின் முஅத்தினாக ஆக்கினார்கள். தாம் மதீனாவை விட்டு வெளியே சென்றபோது நகரப் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்துச் சென்றதாக வரலாறு கூறுகிறது. இரங்கி ஒரு மூலையில் அமர்த்தி உணவளிப்பது எளிது. அன்னார் அவ்வாறு செய்யவில்லை. ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். நம் ஜமாஅத்துகளில் இத்தகைய பிள்ளைகளுக்கு நாம் கொடுத்திருக்கும் பொறுப்பு என்ன? செருப்புகளை ஒழுங்குபடுத்துவது, நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டு வருவது போன்ற சிறு பணிகூட ஒருவனுக்கு, "நான் இங்கு வேண்டியவன்" என்னும் உணர்வைத் தரும்.

உதவி பெறுவது இரத்தலா?

குடியேறிய குடும்பங்கள் பலவற்றைத் தடுத்து நிறுத்துவது அறியாமை மட்டும் அன்று, மானமும்தான். "கை நீட்டி வாழ வந்தோமா? எங்கள் பிள்ளையை நாங்கள் பார்த்துக் கொள்வோம். அல்லாஹ் இருக்கிறான்" என்கிறார்கள். இச்சொல்லில் உள்ள பெருமிதத்தை நாம் இகழவில்லை. ஆனால் அவர்கள் அந்நாட்டில் உழைக்கிறார்கள், வரி செலுத்துகிறார்கள். தம் வரியால் பிறர் பிள்ளைகள் பயன் பெறும்போது, தகுதியிருந்தும் தம் பிள்ளைக்குரியதைப் பெறாதிருப்பது மானம் ஆகாது. அது மகனுடைய பொருளைத் தந்தை தம் கௌரவத்துக்காக விட்டுக் கொடுப்பதாகும். தமக்குரியதை விட்டுக் கொடுப்பது பெருந்தன்மை. பிறருக்குரியதை விட்டுக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. அமானிதத்தின் இலக்கணம் அதுதான்.

தவக்குலின் பொருளும் அதுவே. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். படிவத்தை உரிய நாளில் நிரப்புவதும் கயிற்றைக் கட்டுவதுதான்.

இங்கு நாம் பேசத் தயங்கும் செய்தி ஒன்றும் உண்டு. "எங்களுக்குப் பின் இவனை அக்கா பார்த்துக் கொள்வாள்" என்று சொல்லிவிடுகிறோம். அக்காவை யாராவது கேட்டார்களா? பத்து வயதிலேயே மருத்துவரின் அறையில் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவள் அவள். தம்பியைப் பற்றிய கடுமையான சொற்களைத் தன் வாயாலேயே உம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தவள். படிப்பையும் திருமணத்தையும் அவனுடைய நிலைக்கேற்ப வளைத்துக் கொண்டவள். அவள் விரும்பிச் சுமந்தால் அது பெரும் நன்மை. கேளாமல் அவள் தோளில் ஏற்றினால் ஒரு பிள்ளைக்கு நீதி செய்வதற்காக இன்னொரு பிள்ளைக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம்.

பொருள் வகையிலும் இத்தகைய சிக்கல் எழுகிறது. மேலே கூறிய உதவித்தொகையைப் பெறும் தனியொருவர் பெயரில், வீடு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 2,000 டாலருக்கு மேல் பொருள் இருந்தால் தொகை நின்றுவிடும். 1989 முதல் இவ்வரம்பு உயரவே இல்லை. அன்பு மிகுந்த மாமா ஒருவர் மருமகன் பெயரில் வங்கியில் பணம் போட்டால், அந்த அன்பே அவனுக்குத் தீங்காய் முடியும். இதற்கு அஞ்சிச் சிலர் அப்பிள்ளையின் பெயரையே மரண சாசனத்திலிருந்து விலக்கி விடுகிறார்கள். இது முறையன்று, தேவையுமன்று. அவன் பங்கைக் காத்து அவனுக்காகச் செலவிடும் தனி அறக்கட்டளையை நிறுவ அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சேமிப்புக் கணக்கு ஒன்றும் உண்டு. 26 வயதுக்கு முன் குறைபாடு தோன்றியோருக்கே முதலில் உரியதாயிருந்த அது, 2026 சனவரி முதல் 46 வயதுக்கு முன் தோன்றியோருக்கும் விரிந்திருக்கிறது. வழி இருக்கும்போது வாரிசை அழிக்க வேண்டியதில்லை.

நாம் செய்யக் கூடியவை

துணை நிற்பது என்றால் என்ன? பெருநாளன்று ஒரு பொட்டலம் உணவு கொடுத்து, "பாவம்" என்று சொல்லி நகர்வது துணையாகாது. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அப்பெற்றோர் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்தியிருப்பார்கள். பள்ளிக் கூட்டத்துக்கு அத்தாயுடன் சென்று பக்கத்தில் அமர்வது துணை. தமக்கையை விடுத்து, முறையாகப் பயின்ற மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியிடம் கேட்டுப் பெறச் செய்வது துணை. குறைபாடுடைய பிள்ளைகளின் பெற்றோருக்கு வழிகாட்டவென்றே அரசுப் பொருளுதவியுடன் நடக்கும் நிலையம் அமெரிக்காவில் மாநிலந்தோறும் உண்டு என்பதைச் சொல்லி, கையோடு அழைத்துச் செல்வது துணை. காத்திருப்போர் பட்டியலில் பிள்ளையின் பெயரை இருபது வயதில் சேர்ப்பதைவிட ஐந்து வயதிலேயே சேர்க்கத் தூண்டுவது துணை. மாதத்தில் ஒரு மாலைப்பொழுது பிள்ளையைப் பொறுப்பேற்று, பெற்றோர் இருவரும் அமைதியாக ஒரு நேரம் உண்ண வழி செய்வதும் துணை.

இன்னும் ஒன்று. நம் பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்கு அஞ்சுவான், எந்தப் பாட்டைக் கேட்டால் அடங்குவான், வலி வந்தால் எப்படிக் காட்டுவான் என்பதெல்லாம் தாயின் நெஞ்சில் மட்டும் இருக்கிறது. அவள் மௌத்தானால் அந்நூலகம் முழுவதும் அவளோடு மண்ணுக்குள் போய்விடும். அதை எழுதி வைக்க அவளுக்கு உதவுவோர் அப்பிள்ளைக்கு ஒரு தாயைத் திரும்பக் கொடுத்தவர் ஆவர். அவள் எழுத்தறியாதவள் என்றால் அவள் சொல்ல நாம் எழுதலாம்.

பிள்ளையுடன் தாயகம் திரும்பும் குடும்பங்களும் இக்கேள்வியிலிருந்து தப்புவதில்லை. இந்தியாவிலும் பதினெட்டு வயதோடு பெற்றோரின் இயல்பான காப்புரிமை முடிகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறை முதலியன உடையோருக்குச் சட்டமுறைக் காப்பாளரை அமர்த்த 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மாவட்டந்தோறும் குழு அமைத்தது. காப்பாளர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்யாமல், உடையவரோடு கலந்து முடிவெடுக்க வேண்டும் என்னும் கருத்தை 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் முன்வைத்தது. நாடு வேறு, நெறி ஒன்றாகி வருகிறது.

மனிதன் எப்போது பெரியவன் ஆகிறான் என்று தொடக்கத்தில் கேட்டோம். தனக்கென ஒரு விருப்பம் உண்டு என்று பிறர் ஒப்புக்கொள்ளும்போது ஆகிறான் என்றே நாம் விடை கூறுவோம். அந்த ஒப்புதல் சட்டத்தால் மட்டும் வராது. அன்பால் மட்டும் வராது. சட்டம் அவன் பெயரைக் கேட்கிறது. அன்பு அவன் பசியை அறிகிறது. அவனுடைய எண்ணத்தைக் கேட்டறியும் பொறுமையும் சேர்ந்தால்தான் பேணுதல் முழுமை பெறும்.

அமானிதம் என்பது உடையவனிடம் ஒருநாள் திருப்பித் தரவேண்டிய பொருள். பிள்ளைகளை இறைவனின் அமானிதம் என்று நாம் சொல்லிக் கொள்கிறோம். இத்தகைய பிள்ளையைப் பொறுத்தவரை உடையவன் இறைவன் மட்டும் அல்லன். அவனுடைய வாழ்வுக்கு அப்பிள்ளையும் உடையவன். பெற்றோரின் கை தளர்வதற்குள் அதை வாங்கிக் கொள்ள எத்தனை கைகள் நீள்கின்றன என்பதைப் பொறுத்தே ஒரு சமுதாயம் மதிப்பிடப்படும். நம் கைகள் அவற்றுள் இருக்கட்டுமாக.